மதகடியில் மூன்று டேக்

இயக்குநர் முஹ்சின் நானா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் கொழும்பில் எடிட்டிங் மேசைக்கு முன்னால் இருந்தேன். ஒருவன் கன்னத்தில் விழும் அடியின் சத்தத்தைப் படத்தோடு பொருத்திக்கொண்டிருந்தேன். சத்தம் கைக்குப் பிந்தி விழுந்தது. இழுத்து முன்னுக்கு வைத்தால் முந்தி விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. நானாவின் மனைவி ஸரீனா ராத்தா பேசினார்.

"ரீட்டா, நானா போயிட்டார் புள்ள. பாலாவியில பஸ்ஸுக்கு நிண்டவராம். நிண்ட மாதிரியே விழுந்திட்டாராம். அஸர் தொழுகைக்கு முந்தி மையித்த எடுக்கப் போறாங்க. ஒனக்கு வர ஏலுமா?"

வாறன் ராத்தா என்று சொல்லிவிட்டு, திரையில் கையை ஓங்கியபடி நின்றவனிடம் திரும்பினேன். அந்த அடியைச் சரியான இடத்தில் வைத்துவிட்டுத்தான் எழும்பினேன். அரைகுறையாக விட்டுவிட்டு அவருடைய மையித்துக்குப் போயிருந்தால், எழும்பி இருந்து ஏசியிருப்பார்.

அடுத்த நாள் ஒரு பத்திரிகை அவரை 'மென்மையான படைப்பாளி' என்று எழுதியது. வேறு யாரோ முஹ்சினாக இருக்குமோ என்று பெயரை இரண்டாம் தரம் வாசித்தேன். அவரைத் தெரிந்த நீங்களும் சிரித்திருப்பீர்கள். மென்மையான மனிதர்தான், தூங்கும்போது. அவர் உடைத்த மொனிட்டர்கள், கதிரைகள், எறிந்த ஹெட்போன்கள், ஒருமுறை தயாரிப்பாளரின் காரின் முன்கண்ணாடி, இதையெல்லாம் பத்திரிகைக்காரர்கள் எங்கே போட்டார்கள் என்று தெரியவில்லை. செத்தவரைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டும் என்பார்கள். நான் உண்மையைப் பேசுகிறேன், நல்லது எது என்பதை நீங்கள் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

எனக்கும் அவருக்கும் அறிமுகமே எறிதலில்தான் தொடங்கியது. நான் கற்பிட்டிக் கடற்கரையில் மீன்பிடிக்கிற கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. கல்யாண வீடியோ வெட்டிப் பழகி, பிறகு ஒரு தொலைக்காட்சியின் தமிழ்ப் பிரிவுக்கு எடிட்டராகப் போனேன். அவருடைய தொலைநாடகம் ஒன்றுதான் முதல் வேலை. அதில் ஒருவன் இன்னொருவனை அடித்துவிட்டு, அப்படியே நின்று மூச்சு வாங்குவான். நீளமாக இருக்கிறதே என்று நான் அதை வெட்டிவிட்டேன். பார்க்க வந்த நானா கையில் இருந்த கண்ணாடித் தம்ளரைச் சுவரில் அடித்தார். "எவள் எனக்கிட்ட கேக்காம இத வெட்டினது?" என்று கத்தினார். எனக்குப் பக்கத்தில் பிளேன்டீக் கோப்பை இருந்தது. அதைத் தூக்கி அவர் காலடியில் அடித்தேன். "கடலுக்குப் போன அப்பா திரும்பி வருவாரோ மாட்டாரோ எண்டு பாத்து வளந்தவள் நான். உங்கட சத்தத்துக்கெல்லாம் பயப்பட மாட்டன்" என்றேன். அவர் தன் காற்சட்டையில் தெறித்த தேத்தண்ணியைக் குனிந்து பார்த்தார்.

"அடிக்கத் தெரியிது. வெட்டத்தான் தெரியல்ல" என்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். "அடி விழுற சத்தத்த ஆரும் நம்புவான் தங்கச்சி. நான் நம்ப மாட்டன். அடிச்சவன் மூச்சு வாங்குறானே, அதத்தான் நம்புவன். அடிக்கிறவனுக்கும் களைக்கும். அத எவனும் காட்டுறல்ல."

நான் வெட்டியதைத் திரும்ப ஒட்டினேன். அவர் சொன்னதற்காக இல்லை, சரியாக இருந்ததற்காக. இருபது வருஷம் இப்படித்தான் வேலை செய்தோம். ஒருவர் எறிவார், மற்றவர் பொறுக்குவார்.

கனமூலையில் தேங்காய் வியாபாரம் செய்த வீட்டுப் பிள்ளை அவர். படம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னால் வாப்பா கால் முறிப்பார் என்று தெரிந்து, பாலாவியில் உப்பு ஏற்றிய ஒரு லொறியில் தொற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனவர். போன இடத்திலும் அடிதான் கிடைத்தது. சிங்களச் சண்டைப் படங்களில் கதாநாயகன் மாடியிலிருந்து விழும் இடங்களில் எல்லாம் விழுந்தது கனமூலை முஹ்சின்தான். ஒரு நாள் குடித்துவிட்டு வந்த வில்லன் நடிகர் நடிப்பை மறந்து மெய்யாகவே குத்திவிட்டார். முன்பற்கள் போய்விட்டன. இரத்தத்தைத் துப்பிக்கொண்டே அவர் கவனித்த விஷயம் வேறு. அந்த வில்லன் ஒருநாளும் மற்றவர்களோடு சாப்பிட்டதில்லை, தனி அறையில் தனிச் சாப்பாடு.

இயக்குநரான பிறகு அவர் ஒரு சட்டம் போட்டார். அவருடைய படப்பிடிப்பில் அடிக்கிறவனும் அடி வாங்குகிறவனும் ஒரே சஹனில் சாப்பிட்ட பிறகுதான் சண்டைக் காட்சி. முஸ்லிம் கல்யாண வீடுகளில் பார்த்திருப்பீர்கள், பெரிய தட்டு ஒன்றை நடுவில் வைத்துச் சுற்றியிருந்து ஆளுக்கொரு பக்கம் கைவைப்பது. "ஒரே சஹன்ல கை வெச்சவன் அளவு தெரிஞ்சு அடிப்பான்" என்பார். கொழும்பிலிருந்து வந்த பெரிய நடிகர்கள் முகம் சுளித்தார்கள். முகம் சுளித்தவர்களுக்கு அவர் படத்தில் இடம் கிடைக்கவில்லை. அவருடைய படங்களில் இரத்தம் குடம் குடமாக ஓடியது, ஆனால் ஒரு நடிகருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

தொலைக்காட்சி அதிகாரி ஒருவர் அவரைக் கூப்பிட்டு, குடும்பம் சேர்ந்திருந்து பார்க்கிற நேரத்தில் இவ்வளவு அடிதடி வேண்டாம் என்று புத்தி சொன்னார். அந்த அறையில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணி மூடிய உடல்களை வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நானா திரையைப் பார்த்துக் கையை நீட்டினார். "நியூஸ்ல செத்தா சோறு எறங்கும். நாடகத்துல செத்தாத்தான் தொண்டைல சிக்குமோ?" என்று கேட்டார். அந்த நாடகம் பாதியில் நிறுத்தப்பட்டது. வயிற்றுப் பாட்டுக்காக மாமி மருமகள் சண்டைத் தொடர்களைச் சிங்களத்தில் எடுத்தார். அதிலும் ஒரு மாமியார் மருமகளை ஆட்டுக்கல்லால் அடித்துக் கொன்றுவிட்டார் என்பது வேறு கதை.

அடியின் சத்தத்தை நாங்கள் ஈர உப்புச் சாக்கில் எடுத்தோம். பல ஸ்டூடியோக்களில் இறைச்சித் துண்டை அடிப்பார்கள், பூசணிக்காயை உடைப்பார்கள். நானா பாலாவியிலிருந்து உப்பு மூட்டை வரவழைத்துத் தண்ணீரில் நனைத்து, மைக்குக்கு முன்னால் தொங்கவிட்டு, ஒரு தடிப் பொல்லால் தானே அடிப்பார். ஈர உப்பு, அடியை உள்ளே வாங்கிக்கொள்ளும். கேட்கிறவனுக்குத் தன் முதுகில் விழுந்த மாதிரி இருக்கும். அடித்து முடித்து வியர்வையோடு திரும்பி, "எப்பிடி?" என்பார். நான் கைவிரலைத் தூக்கிக் காட்டினாலும் விடமாட்டார். "நல்லாரிக்கி. இன்னொண்டு" என்பார். இது அவருடைய வியாதி. முதலாவது டேக்கை ஒருநாளும் ஓகே செய்யமாட்டார். வானத்திலிருந்து மலக்கு இறங்கி வந்து நடித்தாலும், நல்லாரிக்கி, இன்னொண்டு என்றுதான் சொல்வார்.

தன் தம்பி நவ்ஷாத் செத்த பிறகு அவர் அந்தப் பொல்லைத் தொடவில்லை.

நவ்ஷாத் ஊரிலேயே தங்கிவிட்டவர். முந்தல் பக்கத்துக் களப்பில் வலை போடுகிறவர். அங்கே ஒரு பெரிய இறால் பண்ணை. தொட்டிகளின் அழுக்குத் தண்ணீரை மதகைத் திறந்து களப்பில் விட, மீன் செத்து மிதந்தது. நவ்ஷாத் ஒரு காலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு பண்ணைக்குச் சண்டைக்குப் போனார். வெயில் ஏறுவதற்குள் அவருடைய உடல் மதகடியில் கிடந்தது. பின்மண்டை உடைந்திருந்தது. தவறி விழுந்து கொங்கிரீட்டில் தலை அடிபட்டது என்று பண்ணைக்காரர்கள் சொன்னார்கள். பண்ணையின் காவல்காரனைப் பொலிஸ் பிடித்தது. பார்த்தவர் எவருமில்லை என்று விட்டுவிட்டது. மரண விசாரணையிலும் தவறி விழுந்தது என்றே எழுதினார்கள். ஊரில் எல்லாருக்கும் உண்மை தெரியும், சொல்ல ஒருவருக்கும் வாயில்லை. அந்தக் காவல்காரனின் பெயரை நான் எழுதவில்லை. முந்தலில் அவனைத் தெரியாதவர் கிடையாது.

மையித்தைக் குளிப்பாட்டும்போது நானாவும் நின்றிருக்கிறார். திரும்பி வந்து என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "முழங்காலுக்குப் பின்னால நீலமாக் கண்டிப்போய் இரிக்கி ரீட்டா. தவறி விழுறவனுக்கு அங்க எப்பிடி அடி படும்?" எத்தனையோ சாவுகளைப் படம் பிடித்தவர். தன் தம்பியின் சாவு எப்படி நடந்தது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வி அவரைத் தின்றது. பல வருஷங்கள் கழித்துத் தன் வீட்டை ஈடுவைத்து 'சேற்றுத்தண்ணி' படத்தை எடுக்கத் தொடங்கியதும் இதற்காகத்தான். படத்தில் தம்பிக்கு வேறு பெயர் வைத்தார், பண்ணைக்கு வேறு ஊர் வைத்தார். ஆனால் சாவைத் தம்பியின் சாவாகவே வைத்தார்.

முந்தலுக்குப் பக்கத்தில் நோய் வந்து கைவிடப்பட்ட ஒரு பழைய பண்ணையில் படப்பிடிப்பு. செலவைக் குறைக்க நானும் அங்கேயே தங்கி, எடுக்க எடுக்கப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் ஷூட்டிங் என்றால் உங்களுக்குத் தெரியும்தானே. ஊரே வந்து நிற்கும். நின்றால் சும்மாவும் நிற்காது. லைட்டை அந்தப் பக்கம் வையுங்கள், அந்தப் பெண்ணுக்கு முக்காடு சரியில்லை, மீன்காரன் இப்படியா கூவுவான் என்று ஆளுக்கொரு இயக்குநர் ஆகிவிடுவார்கள்.

மதகடிக் காட்சி எடுத்த அன்று அந்தக் கூட்டத்தில் காவல்காரனும் நின்றான். வயதாகி வயிறு வைத்திருந்தது. வெற்றிலை போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நானா அவனைக் கண்டாரா என்று எனக்குத் தெரியாது. தம்பியாக நடித்த ரிஸ்வி என்ற பையன் மதகின் மேல் நின்றான். அடிக்கிற நடிகர் பின்னாலிருந்து தலையில் அடிக்க வேண்டும். ஒத்திகை ஓடியது. நானா ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் இன்னொரு ஹெட்போனில். கூட்டத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. மைக் அதை அச்சொட்டாகப் பிடித்தது.

"சீ, அப்பிடி இல்ல. மொதல்ல காலுக்கு. முழங்கால் மடிஞ்சி குனிஞ்சாத்தான் பொடரி காட்டுவான்."

நான் திரும்பி நானாவைப் பார்த்தேன். அவருடைய முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஹெட்போனை மெதுவாகக் கழற்றிக் கதிரையில் வைத்தார். அந்த மனிதர் ஹெட்போனை எறியாமல் வைத்ததை அன்றுதான் பார்த்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து போய், காவல்காரனின் தோளில் கையைப் போட்டார். கழுத்தை நெரிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன், நெரித்தால் நானும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொடுத்திருப்பேன்.

"ஒங்களுக்கு நல்லாத் தெரியிதே. இவன் நடிகனெண்டு பேர்தான், பொல்லு பிடிக்கத் தெரியா. நீங்க ஒருக்கா செஞ்சி காட்டுங்களே. படத்துல போடுவம்" என்றார்.

நவ்ஷாத்தின் அண்ணன் என்று தெரிந்த காவல்காரன் அந்தக் கையைத் தட்டிவிட்டு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. வெட்கப்பட்டான். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தலையைக் கையால் வாரிக்கொண்டான். "எனக்கு எங்க நடிப்பெல்லாம்" என்றான். படத்தில் முகம் வரும் என்றால் மனிதன் கபுறுக் குழியிலிருந்தும் எழும்பி வருவான் என்று நானா அடிக்கடி சொல்வார். கொலைகாரனும் அப்படித்தான் என்று நான் அன்று தெரிந்துகொண்டேன்.

முதலில் சாப்பாடு என்றார் நானா. சட்டம் சட்டம்தானே. ஓலைக் கொட்டிலுக்குள் சஹன் வைத்தார்கள். ரிஸ்வி, காவல்காரன், அடிக்கிற நடிகர், நானா. நான் கொட்டில் வாசலில் நின்றேன். நானா தன் பக்கத்து இறைச்சித் துண்டைப் பிய்த்துக் காவல்காரன் பக்கம் வைத்தார். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, கைக்குப் பலம் வேணுமே" என்றார். அவன் நன்றாகச் சாப்பிட்டான். நானாவின் விரல்கள் சோற்றுக்குள் இருந்தன, வாய்க்குப் போகவே இல்லை.

முதலாவது டேக். காவல்காரனின் கையில் பாரமில்லாத ரெஜிஃபோமில் செய்து வர்ணம் பூசிய பொல்லு. ரிஸ்வி மதகின் மேல். கமரா ஓடியது. அவன் பின்னால் வந்து முழங்காலின் பின்பக்கத்தில் அடித்தான். ரிஸ்வி மடிந்தான். குனிந்த பிடரியில் ஓங்கி அடித்தான். பிறகு நின்று, இடுப்பில் கையை வைத்து, மூச்சு வாங்கினான். யாரும் அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கூட்டம் கைதட்டியது. கிடைத்துவிட்டது, அவர் தேடிய அத்தனையும் கிடைத்துவிட்டது, இனி நிறுத்துவார் என்று பார்த்தேன்.

நானா கத்தினார்: "நல்லாரிக்கி! இன்னொண்டு!"

இரண்டாவது டேக்கில் கமராவைக் கிட்ட கொண்டுபோனார். காலைக் கொஞ்சம் அகட்டி வையுங்கள் என்றார். திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றார். அவன் சொன்னபடி செய்தான். நன்றாகவே செய்தான். "இன்னொண்டு" என்றார் நானா. காவல்காரன் பொல்லைக் கையில் ஆட்டிப் பார்த்தான். "இது பாரம் காணா டைரக்டர். பாரம் இருந்தாத்தான் கை சரியா வரும்" என்றான். நானா மெய்யான பொல்லைக் கொண்டுவரச் சொன்னார். ரிஸ்வியை எழும்பச் சொல்லி, அவனுடைய சட்டையைக் கழற்றி வாங்கி, நனைத்த உப்புச் சாக்குக்கு அதைப் போட்டு மதகில் நிறுத்தச் சொன்னார். நான் போய் அவர் கையைப் பிடித்தேன். "போதும் நானா" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது காட்சி மட்டும். என் கையை உதறினார்.

மூன்றாவது டேக்கில் சாக்கு பிரிந்து உப்பு கொட்டியது. அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. "ஓகே" என்றார் நானா. காவல்காரனுக்குக் கை கொடுத்தார். பிறகு ஜெனரேட்டருக்குப் பின்னால் போய், வயிற்றில் ஒன்றுமில்லாமலே வாந்தி எடுத்தார். நான் தண்ணீர் கொண்டுபோனேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "கமரா கார்ட்ட எடுத்துக்கிட்டு கற்பிட்டிக்குப் போ. ஒன்ட அண்ணன் வீட்ட வெய்யி. ஆருக்கும் குடுக்காதே" என்றார்.

சிலாபத்தில் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். ஒத்திகையில் கேட்ட குரலைப் பற்றிச் சொன்னோம், அவர் மூன்று டேக்கையும் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மொதல்ல அவன் சொன்ன வார்த்தையில ஏதோ இரிந்திச்சி. அதோட நிப்பாட்டியிருந்தா ஒரு வழி பாத்திருக்கலாம். இது என்ன? காலை அகட்டு, திரும்பாதே, இன்னொண்டு... எல்லாம் நீங்களே சொல்லிக் குடுத்திருக்கீங்க. நான் சும்மா பாத்த ஆள், டைரக்டர் சொன்னார் செஞ்சன் எண்டு சொல்லுவான். எந்த நீதவானும் அவனத்தான் நம்புவார்." நானா எழும்பினார். வெளியே வந்து சட்டத்தரணியின் கேட்டில் தன் நெற்றியை மோதினார். நான் இழுத்துப் பிடிக்கும்வரை மோதினார்.

காவல்காரனுக்குத் தான் என்ன செய்தான் என்பதே விளங்கவில்லை. பண்ணை முதலாளிக்கு விளங்கியது. கடைசி நாள் சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பட்டப்பகலில் அவருடைய ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். கமராவை மதகில் அடித்து உடைத்தார்கள். கார்ட் எங்கே என்று கேட்டார்கள். அது எடிட் ஆகிவிட்டது என்றார் நானா. முதலில் காலுக்கு அடித்தார்கள். மடிந்தார். பிறகு தலைக்கு. நான் கத்திக்கொண்டு ஓடினேன், ஒருவன் என் தலைமயிரைப் பிடித்துச் சேற்றில் தள்ளினான். ரிஸ்வி லைட் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்திராவிட்டால் அன்றே முடிந்திருக்கும். நானாவின் இடது காதிலிருந்து இரத்தம் ஓடியது. அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை. வலிப்பும் அன்றுதான் தொடங்கியது. பாலாவியில் அவர் மயங்கி விழுந்து செத்தார் என்று எழுதுகிறார்கள். டொக்டர்கள் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். முந்தலில் விழுந்த அடி பாலாவியில்தான் முடிந்தது.

புத்தளம் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை: "களைச்சிப் போய்ட்டானுகள், பாத்தியா?" அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். இரண்டாவது வார்த்தை, "அத அழிச்சிரு."

நான் மாட்டேன் என்றேன். இவ்வளவு அடி வாங்கிக் காப்பாற்றியதை ஏன் அழிக்க வேண்டும் என்று கேட்டேன். தலையில் கட்டோடு எழும்பி இருந்து, மருந்து வைத்திருந்த தட்டைத் தூக்கி எறிந்தார். தாதி ஓடி வந்தாள்.

"அதுல என்ட சத்தம் இரிக்கி ரீட்டா. அவன் ஒருக்காத்தான் கொன்டான். என்ட தம்பிய மூணு தரம் கொல்லச் சொன்னது நான். நல்லாரிக்கி எண்டு சொல்லிக் கொல்லச் சொன்னன்."

நான் அவரைத் திட்டினேன். கோழை என்றேன். நோயாளி என்று பார்க்கவில்லை. நாங்கள் கத்தியதில் வார்டே எழும்பிவிட்டது. கடைசியில் இரண்டு பேரும் அழுதோம். அழிக்கமாட்டேன் என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார். "அப்ப நான் மௌத்தாகிற வரைக்கும் ஆருக்கும் காட்டாதே. பொறகு ஒன்ட இஷ்டம்" என்றார். சம்மதித்தேன்.

'சேற்றுத்தண்ணி' அந்தக் காட்சி இல்லாமல் வெளிவந்தது. தம்பி மதகில் ஏறுவான், அடுத்ததாகத் தண்ணீர் மட்டும் தெரியும். வன்முறையைக் காட்டாமலே உணர்த்திய அடக்கம் என்று விமர்சகர்கள் பாராட்டினார்கள். பரிசும் கொடுத்தார்கள். 'மென்மையான படைப்பாளி' என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். அந்தக் கேடயத்தை நானா தன் வீட்டுக் கோழிக்கூட்டின் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்.

மையித்து வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் உள்ளே ஓதிக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்த்தேன். இடது காதுக்குப் பக்கத்துத் தழும்பைத் தொட்டேன். மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது யன்னலால் பார்த்தேன். எங்கள் ஊர்களில் ஜனாஸாவுக்குத் தோள் கொடுக்க யாரும் அழைக்க வேண்டியதில்லை, வந்தவர் எல்லாரும் முறை எடுத்துக் கொடுப்பார்கள். வாசல் படலையைத் தாண்டும்போது முன்பக்கத்தில் தோள் கொடுத்தவன் அந்தக் காவல்காரன். தாடி நரைத்துவிட்டது. கலிமாவை எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னான்.

அடக்கிவிட்டுத் திரும்பி வந்தவர்களில் அவனும் இருந்தான். நான் பஸ்ஸுக்கு நடக்கும்போது பின்னால் வந்து கூப்பிட்டான்.

"தங்கச்சி, நீங்கதானே அந்தப் படத்துல வெட்டுற வேல செஞ்ச? டைரக்டர் நல்ல மனுசன். என்னயும் ஒரு ஆளா மதிச்சி நடிக்க வெச்சார். ஆனா படத்துல என்ட சீன் வரல்லியே. ஊரெல்லாம் கேக்குறாங்க. அது ஒங்ககிட்ட இரிக்கா? ஒருக்காப் பாக்க ஆசயா இரிக்கி."

எனக்குக் கையில் ஒரு பொல்லு இருந்திருந்தால் இந்த நினைவஞ்சலியை நான் மறியல் கம்பிக்குப் பின்னால் இருந்து எழுதிக்கொண்டிருப்பேன். ஆனால் அவன் உண்மையாகவே கேட்டான். கண்ணில் சின்னப் பிள்ளையின் ஆசை இருந்தது.

"இரிக்கு. கட்டாயம் காட்டுறன்" என்றேன்.

அவருடைய நண்பர்கள் புத்தளத்தில் நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள். அவருடைய நல்ல காட்சிகள் சிலவற்றைத் தொகுத்துத் தரும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். தொகுத்துவிட்டேன். ஒரே ஒரு காட்சிதான். சிறு பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம். காவல்காரனுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன், முன்வரிசையில் கதிரை போட்டிருக்கிறது, குடும்பத்தோடு வருவதாகச் சொன்னானாம். பண்ணை முதலாளியின் ஆட்களும் வரலாம். இந்த முறை உடைப்பதற்கு ஒரு கமரா போதாது, பிரதிகள் பல வீடுகளில் இருக்கின்றன. நீதவான் நம்பாவிட்டால் போகட்டும். நவ்ஷாத் தவறி விழவில்லை என்பதைக் கனமூலையும் முந்தலும் தங்கள் கண்ணால் பார்க்கட்டும்.

நேற்று முழுவதும் அந்த மூன்று டேக்கோடு இருந்தேன். நானாவின் குரலை எடுத்துவிடுவது எனக்குப் பெரிய வேலை இல்லை. இருபது வருஷமாக நான் செய்வதே அதுதான், வேண்டாத குரலை வெட்டுவது. வெட்டினால் அவர் குற்றமில்லாத அண்ணனாக, நல்ல கலைஞராக, பத்திரிகை சொன்ன மாதிரி மென்மையானவராக மிஞ்சுவார். தம்பியைக் கொன்றவனுக்கு முன்னால் நின்று நல்லாரிக்கி, இன்னொண்டு என்று கத்துகிற அந்த மனிதரை நான் வெறுக்கிறேன், அவரைப் போல இன்னொருவரை நான் நேசித்ததும் இல்லை. ஸரீனா ராத்தாவைக் கூப்பிட்டு, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "அவர்ட சத்தம் பதிஞ்சது வீட்டுல ஒண்டும் இல்ல புள்ள" என்றார்.

நான் வெட்டவில்லை.